ஒரே கம்பியில் பல இலாகாக்கள்: தனி வலைகளுக்கிடையே வழி திறக்கும் முறை

ஓர் ஐப்பசி மாதத்தில் நமது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நிகழ்ந்ததைச் சொல்லித் தொடங்குவது பொருத்தமாயிருக்கும். வீடு கட்டும் பயனாளிகள் பலர் சுவரைக் கூரை மட்டத்திற்கு எழுப்பிவிட்டு அடுத்த தவணையை எதிர்நோக்கியிருந்தனர். பருவமழையோ தொடங்கிவிட்டது. நனையும் சுவர்களின்மீது தென்னங்கீற்றைச் சார்த்தி வைத்திருந்தனர். தவணைப் பட்டியலைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டியது வேறோர் இலாகாவின் கணினி மையம். அம்மையத்துடன் நமது அலுவலகத்தை இணைக்க உத்தரவும் கிடைத்திருந்தது. ஆயினும் பட்டியலை அனுப்பினால், திரையில் ஒரு சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். சிறிது நேரம் சென்றபின் 'பதில் இல்லை' என்று வரும். நமது பக்கத்துப் பொறியாளர் வந்து பார்த்து, "வழி இருக்கிறது" என்றார். மையத்துப் பொறியாளரைத் தொலைபேசியில் கேட்டோம். "இங்கே யாவும் ஒழுங்காகவே உள்ளன" என்றார். இருவரும் உரைத்தது உண்மையே. எனினும் ஒன்பது நாட்கள் பட்டியல் நகரவில்லை.

பத்தாம் நாள் காரணம் விளங்கியது. நம்மிடமிருந்து மையத்திற்குச் செல்ல வழி இருந்தது. மையத்திலிருந்து நம்மிடம் திரும்பி வர வழி இல்லை. கேள்வி போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. விடைதான் வீடு திரும்பும் மார்க்கமறியாது அங்கேயே மடிந்துகொண்டிருந்தது. இதில் பொறியாளர்களைக் குறை கூறுவதற்கு இடமில்லை. 'இணைப்பு வழங்கக் கோரப்படுகிறது' என்று ஒரே வரியில் விண்ணப்பம் அனுப்பிவிட்டு நிம்மதியாக அமர்ந்தவர்கள் நாமே. அன்று முதல் பொறியாளர்களோடு அமர்ந்து கேட்டும் படித்தும் அறிந்தவற்றைச் சக அலுவலர்களும், ஊராட்சித் தலைவர்களும், செயலர்களும் அறியும்பொருட்டு இங்கே விளக்க முற்படுகிறோம்.

கிராமங்களை நோக்கிக் கண்ணாடி இழை வந்துகொண்டிருப்பதை யாவரும் அறிவர். 2011ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு அனுமதித்த தேசியக் கண்ணாடி இழைத் திட்டம் 2015இல் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இழையால் பிணைக்கும் பணி டான்ஃபிநெட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன்னரே, எல்காட் நிறுவனத்தின் பொறுப்பிலுள்ள மாநிலப் பெரும்பரப்பு வலையமைப்பு தலைமைச் செயலகத்தையும் மாவட்டத் தலைநகரங்களையும் வட்டார அலுவலகங்களையும் ஒன்றோடொன்று இணைத்திருந்தது. இத்தகைய பெருவலைகளில் ஒவ்வோர் இலாகாவிற்கும் தனித்தனியே கம்பி இழுப்பது இயலாத காரியம். ஒரு வலையில் 30 அலுவலகங்கள் இருந்து, ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் நேரே பேசவேண்டுமாயின் 435 தனி இணைப்புகள் வேண்டும். பத்து இலாகாக்கள் இருப்பின் கணக்கை வாசகர்களே போட்டுப் பார்க்கலாம்.

ஆகவே கம்பி ஒன்றே. அதன்மீது ஓடும் வலைகள் பல. சுகாதார நிலையங்களின் வலை ஒன்று, ஊராட்சிகளின் வலை ஒன்று, வருவாய்த் துறையின் வலை ஒன்று எனப் பிரிக்கப்படுவனவற்றை மெய்நிகர் தனி வலைகள் என்றும், சுருக்கமாக வி.பி.என். என்றும் கூறுவர். ஒரே பொது வாய்க்காலிலிருந்து நீர் பெற்றாலும் அவரவர் வயலுக்கு வரப்பு வேறு என்பதுபோல், ஒரே இழையில் சென்றாலும் ஒரு வலையின் செய்தி மற்றொரு வலைக்குள் புகாது. இவ்வகை வலைகளை அமைக்கும் முறையை எரிக் ரோசன், யாக்கோவ் ரெக்டர் என்னும் இருவர் 1999ஆம் ஆண்டு மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 2547 என்ற ஆவணமாக வெளியிட்டனர். அது திருத்தம் பெற்று 2006 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 4364 ஆயிற்று. உலகெங்கும் பெரிய வலைகள் பலவற்றில் இன்றளவும் பின்பற்றப்படுவது அம்முறையே.

முன்னெண்ணும் முத்திரையும்

வலையின் ஓரத்தில், அலுவலகங்களின் கம்பி வந்து சேரும் இடத்தில் இருக்கும் சாதனத்தை எல்லை ரௌட்டர் என்போம். எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் செல்வது என்பதைக் குறித்து வைத்திருப்பது அதன் தொழில். சாதாரண ரௌட்டரில் அத்தகைய வழிப் பதிவேடு ஒன்றே இருக்கும். இங்கேயோ ஒவ்வொரு தனி வலைக்கும் ஒவ்வொரு பதிவேடு வைக்கப்படுகிறது. பொறியாளர்கள் இதனை வி.ஆர்.எஃப். என்பர். சுகாதார நிலையத்தின் கம்பியில் வரும் செய்திக்குச் சுகாதாரப் பதிவேட்டை மட்டுமே புரட்டிப் பார்க்கும். அதில் இல்லாத முகவரி அதனைப் பொறுத்தவரை உலகிலேயே இல்லை.

நடுவிலுள்ள ரௌட்டர்களுக்கு இந்தப் பதிவேடுகள் எதுவும் தெரியாது. தபால் பையின்மீது சேரவேண்டிய ஊரின் பெயரை மட்டும் பார்த்து ரயிலில் ஏற்றி இறக்குவோரைப் போன்றவை அவை. செய்தியின்மீது இரண்டு சீட்டுகள் ஒட்டப்படுகின்றன. மேல்சீட்டு எந்த எல்லை ரௌட்டரைச் சேர வேண்டும் என்பதைக் கூறும். அடிச்சீட்டு அங்கே சென்றபின் எந்த வலையைச் சேர்ந்தது என்பதைக் கூறும். எம்.பி.எல்.எஸ். என்ற பெயரில் வழங்குவது இச்சீட்டு முறையே.

இனி ஒரு சிக்கல். இலாகாக்கள் தத்தம் அலுவலகக் கணினிகளுக்கு எண் முகவரி இடும்போது, 1996 பிப்ரவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 1918 தனி உபயோகத்திற்கென ஒதுக்கிய எண்களையே எடுத்துக்கொள்கின்றன. 10 என்று தொடங்கும் தொகுதி ஒன்றிலேயே 1,67,77,216 முகவரிகள் உண்டு. இத்தனை இருந்தும் எல்லோரும் 10.1.1 என்றே தொடங்குவது மனித இயல்பு போலும்! ஊருக்கு ஊர் மாரியம்மன் கோயில் தெரு இருப்பதுபோல், இலாகாவிற்கு இலாகா 10.1.1.0 இருக்கிறது. தபால் இலாகா இக்குழப்பத்தை 1972 ஆகஸ்டு 15இல் பின்கோடு எண்ணைக் கொணர்ந்து தீர்த்தது. இங்கும் அதுவே உபாயம். 32 பிட்டு அளவுள்ள முகவரியின் முன்னே 64 பிட்டு அளவுள்ள ஒரு முன்னெண் சேர்க்கப்படுகிறது. ரூட் டிஸ்டிங்குவிஷர் என்பது அதன் பெயர். அதனால் சுகாதாரத்தின் 10.1.1.0 வேறு, ஊராட்சியின் 10.1.1.0 வேறு என்று எல்லை ரௌட்டர்கள் தமக்குள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும்போது பிரித்தறிய முடிகிறது.

ஆனால் இம்முன்னெண் எவருக்கும் எந்த உரிமையையும் வழங்குவதில்லை. பலரும் தடுமாறும் இடம் இதுவே; நாமும் தடுமாறினோம். உரிமையை வழங்குவது மற்றொன்று. அதற்கு ரூட் டார்கெட் என்று பெயர். அதனை முத்திரை என்று அழைப்போம். ஒரு பதிவேட்டிலிருந்து வழி வெளியே அறிவிக்கப்படும்போது அதன்மீது ஒரு முத்திரை குத்தப்படுகிறது. 65010:100 என்பது போன்ற எண்ணே அம்முத்திரை. பி.ஜி.பி. என்னும் மொழியில் இவ்வறிவிப்பு மற்ற எல்லை ரௌட்டர்களுக்குச் செல்கிறது. அங்குள்ள ஒவ்வொரு பதிவேட்டிற்கும், 'இன்னின்ன முத்திரையுள்ள வழிகளை ஏற்றுக்கொள்க' என்ற கட்டளை உண்டு. பொருந்தினால் வழி பதிவாகும், பொருந்தாவிடில் ஒதுக்கப்படும். ஆக, குத்துவது ஒரு பக்கத்தின் செயல்; ஏற்பது மறுபக்கத்தின் செயல். போக்குவரத்து இருதிசையிலும் நடைபெற, இரு பக்கத்தாரும் குத்தவும் வேண்டும், இரு பக்கத்தாரும் ஏற்கவும் வேண்டும். நான்கில் ஒன்று தவறினாலும் திரையில் அந்தச் சிறு வட்டம் சுழன்றுகொண்டேயிருக்கும்.

வட்டை இல்லாச் சக்கரம்

முத்திரைகளை மாற்றி மாற்றி அமைப்பதன் மூலம் வலைக்கு வெவ்வேறு வடிவம் கொடுக்கலாம். மிக எளியது எல்லாரும் எல்லாரோடும் நேரே பேசும் வடிவம். எல்லாப் பதிவேடுகளும் ஒரே முத்திரையைக் குத்தி அதையே ஏற்றால் போதும். ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒன்றையொன்று கலந்தாலோசிக்க வேண்டியிருப்பதால் அவற்றிற்கு இவ்வடிவம் பொருந்தும்.

ஊராட்சிகளின் நிலை வேறு. ஓர் ஊராட்சியின் கணினி மற்றோர் ஊராட்சியின் கணினியுடன் நேரே பேச வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. பேசினாலும் ஒன்றிய அலுவலகத்தின் சோதனைச் சாதனத்தின் வழியே செல்வதுதான் பாதுகாப்பு. இதற்கு ஏற்றது வண்டிச் சக்கரத்தின் வடிவம். குடத்தில் ஒன்றியம், ஆரக்கால்களில் ஊராட்சிகள். ஆரக்கால்களை வெளியே சேர்த்துப் பிடிக்கும் வட்டை மட்டும் இச்சக்கரத்தில் கிடையாது.

இவ்வடிவத்தில் குடத்திற்கு இரண்டு பதிவேடுகள் வேண்டும். வரவுப் பதிவேடு, செலவுப் பதிவேடு என்று நாம் பெயரிட்டுக்கொண்டோம். அலுவலகக் கணக்கர்கள் சிரித்தாலும் மறக்காமல் இருக்கிறது. ஊராட்சிகள் தம் வழிகளை 'ஊராட்சி முத்திரை' குத்தி அறிவிக்கின்றன. அவற்றை வரவுப் பதிவேடு ஏற்று, ஒன்றிய அலுவலகத்திலுள்ள சோதனைச் சாதனத்திடம் ஒப்படைக்கிறது. அச்சாதனம் அவ்வழிகளைச் செலவுப் பதிவேட்டிற்கு மறு அறிவிப்புச் செய்ய, அது 'ஒன்றிய முத்திரை' குத்தி வெளியே அனுப்புகிறது. ஊராட்சிகள் ஏற்பது ஒன்றிய முத்திரையை மட்டுமே. எனவே பக்கத்து ஊராட்சிக்குச் செல்லும் வழியும் ஒன்றியத்தின் வழியாகவே அவற்றிற்குத் தெரிகிறது. இரண்டு ஊராட்சிகளின் கம்பிகள் ஒரே எல்லை ரௌட்டரில் வந்து சேருமாயின், அங்கே அவை இரண்டையும் ஒரே பதிவேட்டில் எழுதிவிடக் கூடாது. எழுதினால் குடத்தைத் தொடாமலே ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிடும். சிக்கனம் கருதி ஒன்றாக எழுதிவிடுவது எளிதில் நேரக்கூடிய பிழை.

மூன்றாவது, பொதுச் சேவை மையத்தின் வடிவம். மையம் ஒன்று, அதை நாடி வரும் வலைகள் பல. மையம் 'மைய முத்திரை' குத்துகிறது. வருவோர் யாவரும் அதை ஏற்கின்றனர். வருவோரின் முத்திரைகளை மையம் ஏற்கிறது. ஆனால் வருவோர் ஒருவர் முத்திரையை மற்றவர் ஏற்பதில்லை. சுகாதாரமும் ஊராட்சியும் ஒரே மையத்தோடு வழியைப் பகிர்ந்துகொண்டாலும், அதனாலேயே சுகாதாரத்திற்கும் ஊராட்சிக்கும் இடையே வழி பிறந்துவிடாது. வேறொரு பதிவேட்டிலிருந்து ஏற்ற வழியை ஒரு பதிவேடு மீண்டும் தன் முத்திரை குத்தி வெளியிடுவதில்லை என்பது இம்முறையின் விதி. விருந்தினனாக வந்தவன் தன்னுடன் மற்றொருவனை அழைத்து வர இயலாது.

வடிவம் வேறான வலைகளை இணைக்கும்போது

நமது விஷயத்தில் இணைக்க வேண்டியிருந்தது சக்கர வடிவ வலை ஒன்றையும் சேவை மையம் ஒன்றையும். இங்கேதான் யோசனை தேவை. மையத்துப் பதிவேடு ஊராட்சி முத்திரையை நேரே ஏற்குமாறு செய்தால் போதாதா என்று முதலில் நமக்குத் தோன்றியது. அவ்வாறு செய்தால் நிகழ்வதைப் பாருங்கள். ஊராட்சியிலிருந்து மையத்திற்குச் செல்லும் செய்தி, ஊராட்சி அறிந்த ஒரே வழியான ஒன்றியத்தின் சோதனைச் சாதனத்தைக் கடந்து செல்லும். மையத்தின் பதிலோ ஒன்றியத்தைத் தொடாமல் நேரே ஊராட்சியை அடையும். ஓர் உரையாடலின் பாதியை மட்டும் கேட்ட சோதனைச் சாதனம், இது முறையாகத் தொடங்கிய உரையாடல் அன்று என ஐயுற்று அடுத்த செய்தியைத் தடுத்துவிடும். வழி இருந்தும் வேலை நடவாது. அதனினும் மோசமானது, சோதனையைச் சுற்றிக்கொண்டு மையத்திலிருந்து ஊராட்சிக்குள் ஒரு குறுக்கு வழி திறந்துவிட்டது என்பது.

சரியான முறை வேறு. மைய முத்திரையை ஒன்றியத்தின் வரவுப் பதிவேடு மட்டும் ஏற்க வேண்டும். மையம் ஒன்றிய முத்திரையை ஏற்க வேண்டும். ஊராட்சி முத்திரையை மையம் தொடலாகாது. அப்போது போவதும் வருவதும் குடத்தின் வழியே நிகழும். ஊராட்சிகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. புதிய ஊராட்சி ஒன்று சேர்ந்தாலும் மையத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சுகாதார வலைக்கோ குடம் இல்லை. ஆகவே அங்கு ஒவ்வொரு நிலையத்தின் பதிவேட்டிலும் மைய முத்திரையை ஏற்கும் வரி எழுதப்பட வேண்டும். ஒன்று விட்டுப்போனால் அந்த நிலையம் மட்டும் துண்டுபட்டு நிற்கும். மையம் ஒன்றேயாயினும் வலையின் வடிவத்திற்கேற்ப வேலை வேறுபடுகிறது.

நம்முடைய ஒன்பது நாள் அவதிக்குக் காரணம் இப்போது வாசகர்களுக்கு விளங்கும். மைய முத்திரையை நமது வரவுப் பதிவேடு ஏற்றிருந்தது. ஒன்றிய முத்திரையை மையம் ஏற்கவில்லை. ஒரு வரி.

அவசரத்தில் செய்யப்படும் வேறொரு காரியத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். 'ஒவ்வொரு முகவரியாக எழுதுவானேன்? 10 என்று தொடங்கும் எல்லாவற்றிற்கும் மையத்திற்கே வழி என்று ஒரே வரியில் அறிவித்துவிடலாம்' என்று யோசனை கூறுவோர் உண்டு. அங்ஙனம் அறிவித்தால் ஊராட்சியிலிருந்து சுகாதார நிலையத்தின் முகவரிக்கு அனுப்பப்படும் செய்தியும் மையத்திற்குப் போகும். மையத்திற்குச் சுகாதாரத்தின் வழி தெரியுமாதலால் அது அச்செய்தியை அங்கே தள்ளிவிடும்! முத்திரைகளை எவ்வளவு கவனமாகப் பிரித்திருந்தும் பயனில்லை. நோயாளிகளின் விவரம் இருக்கும் கணினியை, தொடர்பே இல்லாத ஓர் அலுவலகத்திலிருந்து தட்டிப் பார்க்க முடியும் என்பது சிறு விஷயமன்று. மையத்தில் தடுப்புச் சாதனம் இருந்தால் காக்கும். அதை நம்பி வழியைத் தாராளமாகத் திறந்துவிடுவது நல்ல பழக்கமாகாது. மையத்தில் தேவைப்படுவது ஒரே ஒரு சர்வராயின், அதன் ஒரு முகவரிக்கு மட்டும் தனி முத்திரை குத்தி அறிவிக்க முடியும். அவ்வாறே கேட்பது நலம்.

முன்பு கூறிய மாரியம்மன் கோயில் தெருவிற்கு மீண்டும் வருவோம். சுகாதாரம், ஊராட்சி இரண்டும் 10.1.1.0 என்ற எண்ணையே வைத்துக்கொண்டு, இரண்டும் ஒரே மையத்தோடு இணைய விரும்பினால் முன்னெண் காப்பாற்றுமா? காப்பாற்றாது. முன்னெண் பயன்படுவது எல்லை ரௌட்டர்களுக்கிடையே பயணம் செய்யும்போதுதான். மையத்தின் பதிவேட்டில் எழுதப்படுகையில் அது நீக்கப்படுகிறது. அப்போது ஒரே முகவரிக்கு இரண்டு வழிகள் நிற்கும். ஒன்று வெல்லும், மற்றொன்று மறையும். ஊராட்சிக்கு உரிய பதில் சுகாதார நிலையத்திற்குச் செல்லும். ஆகவே, ஒருவரையொருவர் எட்டவே வேண்டாத வலைகளில் எண்கள் ஒன்றாயிருந்தால் பாதகமில்லை. பொதுவான மையம் ஒன்று நேர்ந்தவுடன் எண்களை மாற்றியமைக்க வேண்டும், அல்லது மையத்தை அடையும் முன் முகவரி மாற்றும் சாதனம் ஒன்றை நிறுத்த வேண்டும். இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளாவிடில், இயங்கிக்கொண்டிருக்கும் அலுவலகங்களின் அச்சு யந்திரம் முதற்கொண்டு யாவற்றிற்கும் புது எண் இடும் தொல்லை வந்து சேரும்.

மற்றொன்றும் சொல்லிவைக்கிறோம். இத்தனி வலைகள் பிரித்து வைப்பவையேயன்றி மறைத்து வைப்பவை அல்ல. செய்தி இரகசிய எழுத்தில் மாற்றப்பட்டுச் செல்வதில்லை. பயனாளிகளின் வங்கிக் கணக்கு எண் போன்றவை செல்லுமிடத்தில் அதற்கான மறையீட்டை வேறாகச் செய்துகொள்ள வேண்டும். 'தனி வலை' என்ற பெயரைக் கண்டு பூட்டும் போட்டாகிவிட்டது என எண்ணுவது தவறு.

முத்திரை குத்துவதும் ஏற்பதும் பொறியாளரின் பணி. எவர் எவரை எட்டலாம் என்பதை முடிவு செய்வது அவர் பணி அன்று. அது நிர்வாகத்தின் பணி. நாம் இப்போது அனுப்பும் விண்ணப்பம் ஒரு பக்கத்திற்கு நீள்கிறது. நமது வலையின் வடிவம் எது, நம்முடைய முகவரித் தொகுதி எது, மறுபக்கத்தில் எட்டவேண்டிய சர்வரின் முகவரி எது, மறுபக்கத்து இலாகா நமது வழியை ஏற்க இசைந்த கடிதத்தின் எண் என்ன, இடையே எந்தச் சோதனைச் சாதனத்தைக் கடந்து செல்லவேண்டும் என்பனவற்றை அதில் எழுதுகிறோம். இறுதியில், இந்த இணைப்பினால் நம்மை எட்டக் கூடாதவர் யார் என்றும் ஒரு வரி சேர்க்கிறோம். அவ்வரியை முதன்முறை கண்ட பொறியாளர், இப்படி எவரும் எழுதிக் கொடுத்ததில்லை என்று வியந்தார்.

அந்தப் பத்தாம் நாள் பிற்பகல் மூன்று மணியளவில் மையத்துப் பதிவேட்டில் அந்த ஒரு வரி சேர்க்கப்பட்டது. நமது அலுவலகத்திலிருந்து மையத்தைச் சோதித்தோம், பதில் வந்தது. ஓர் ஊராட்சியின் செயலரைத் தொலைபேசியில் அழைத்து அங்கிருந்து சோதிக்கச் செய்தோம். அங்கும் பதில் வந்தது. தவணைப் பட்டியல் அன்று மாலையே ஏற்கப்பட்டது. பின்னர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நமது அலுவலகக் கணினியின் முகவரியைத் தட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டோம். மூன்று முறை தட்டினர். பதில் வரவில்லை என்று கூறினர். அதைக் கோப்பில் எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டோம்.